முதல் கீறல் விழுந்த பிறகு

தலைப்பு: குத்துச்சண்டை வரலாற்றில் நம்மைப் பெரிதும் மலைக்க வைப்பது தோல்வியே காணாதவர்களின் வெற்றித் தொடரா? தோற்றுத் திரும்பியவர்களின் வெற்றித் தொடரா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாப்பாட்டு நேரம் தாண்டியும் நாற்காலியை விட்டு எழாத பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்கிறேன். இந்த மேடையில் நடுவர் என்றால் ஐயா நீங்கள் ஒருவர்தான். கயிற்றுக்குள் நின்று இரண்டு பேரையும் பிரித்து விடுகிறவரை நான் ரெஃப்ரி என்றே சொல்லப் போகிறேன். பேச்சுவாக்கில் 'அந்த நடுவர் அவசரப்பட்டுவிட்டார்' என்று நான் சொல்லப்போய், தீர்ப்பு நேரத்தில் நீங்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது பாருங்கள்.

எதிரணித் தலைவர் மூன்று பெயர் சொன்னார். ராக்கி மார்சியானோ, 49 சண்டை, 49 வெற்றி. ஃபிளாய்ட் மேவெதர், 50க்கு 50. மெக்சிகோவின் ஹூலியோ செசார் சாவெஸ், முதல் 87 சண்டையும் வெற்றி. சொல்லிவிட்டு, 'தோல்வி சைபர், சைபர், சைபர்' என்று மேசையைத் தட்டினார். நானும் பள்ளிக்கூடத்தில் சைபர் வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் தட்டினார்கள். மேசையைத்தான் தட்டவில்லை.

புது ஸ்கூட்டர் வாங்கின வீட்டைப் பார்த்திருப்பீர்கள். முதல் ஒரு மாதம் வண்டி தெருவில் நிற்காது. நிழல் பார்த்து நிறுத்துவார்கள், உறை போட்டு மூடுவார்கள். மார்க்கெட் பக்கம் எடுத்துப் போகச் சொன்னால், 'கூட்டமாக இருக்கும், நடந்தே போய்விட்டு வருகிறேன்' என்பார் வீட்டுக்காரர். என்றைக்கு முதல் கீறல் விழுகிறதோ, அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வராது. ஆனால் மறுநாள் காலையிலிருந்துதான் ஐயா அந்த வண்டி உண்மையிலேயே ஓட ஆரம்பிக்கும். அரிசி மூட்டை ஏறும், கேஸ் சிலிண்டர் ஏறும், மழையிலும் போகும். எதிரணி காட்டுகிற சைபர் எல்லாம் உறை போட்ட வண்டி. எங்கள் அணி பேச வந்திருப்பது கீறல் விழுந்த வண்டி ஓடிய தூரத்தைப் பற்றி.

சைபர்தான் அளவுகோல் என்றால் எதிரணி ஒரு கணக்கை ஏன் மறைத்தது? தாய்லாந்தில் வான்ஹெங் மேனயோதின் என்று ஒருவர். 105 பவுண்டு, அதாவது 48 கிலோவுக்குச் சற்றுக் கீழே, அந்த எடையில் உலகச் சாம்பியன். 2018லேயே மேவெதரின் 50ஐத் தாண்டிவிட்டார். 54 சண்டை வரை தோல்வியே இல்லை. 2020 நவம்பரில்தான் தன் நாட்டுக்காரரான பன்யா பிரதாப்ஸ்ரீயிடம் தோற்றார். அப்படியானால் மார்சியானோவையும் மேவெதரையும் விடப் பெரிய தொடர் இவருடையதுதானே? எதிரணியில் நான்கு பேர் பேசினார்கள், ஒருவர் வாயிலும் அவர் பெயர் வரவில்லை. ஏன்? எத்தனை பேரை அடித்தார் என்பதோடு யாரை அடித்தார் என்பதும் கேள்வி என்று அவர்களுக்கே தெரியும். முயலை அடித்த அம்புக்கும் யானையைக் குறிவைத்த வேலுக்கும் வித்தியாசம் தெரிந்த ஊர் இது.

மேவெதரின் ஐம்பதாவது யார்? 2017 ஆகஸ்டில் கோனர் மெக்ரிகர். கலப்புத் தற்காப்புக் கலையில் பெரிய ஆள், மறுக்கவில்லை. ஆனால் தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுதான் அவருடைய முதல் சண்டை. ஐம்பதாவதாகக் கன்றுக்குட்டியோடு ஜல்லிக்கட்டா? மேவெதரின் தோளும் இடுப்பும் செய்கிற வேலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர் மீது குத்து விழுவது மழையில் நனையாமல் நடக்கிறவர் மீது தூறல் விழுகிற மாதிரி. ஆனால் பிலிப்பைன்ஸின் பெரிய சாம்பியன் மேனி பாக்கியாவோடு சண்டை என்று 2009லேயே பேச்சு கிளம்பியது, நடந்தது 2015 மே மாதம். தாமதத்துக்கு இரண்டு பக்கமும் காரணம் சொல்வார்கள். இதற்கிடையில் 2012ல் பாக்கியாவ் இரண்டு முறை தோற்றுவிட்டார். அதில் ஒன்று, மெக்சிகோ வீரர் மார்க்கெஸின் ஒரே குத்தில் முகம் குப்புற. உறையை எப்போது எடுக்கலாம் என்று பார்த்துப் பார்த்து எடுத்த வண்டி அது.

இனி மார்சியானோ. இவரைப் பற்றிப் பேசும்போது எனக்கே கொஞ்சம் தயக்கம். காரணம், 1952 செப்டம்பர் 23, ஃபிலடெல்ஃபியா. சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட். முதல் ரவுண்டிலேயே வால்காட்டின் இடக்கைக் குத்தில் மார்சியானோ தரையில். எழுந்தார். 12 ரவுண்டு முடிந்தபோது மதிப்பெண் போடுகிற மூன்று பேர் சீட்டிலும் பின்னால். பதின்மூன்றாவதில் வால்காட் முதுகு கயிற்றில் பட்ட நேரம், ஒரு சின்ன வலக்கை. ஒரு சாண் தூரம் வந்திருக்குமா என்பது சந்தேகம். வால்காட்டின் முகம் ஒரு பக்கமாகக் கோணிப்போகிற அந்தப் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் ஒரு கை சிக்கிக்கொள்ள, மண்டி போட்டபடி அப்படியே சரிந்தார். அந்த ஒரு குத்துக்கு எங்கள் அணி சார்பாகவே கும்பிடு போடுகிறேன்.

ஆனால் நண்பர்களே, நீங்கள் கொண்டாடுகிற அந்த 49ல் முன்னாள் உலகச் சாம்பியன் ஜோ லூயிஸ் வந்தபோது அவருக்கு 37 வயது. கடனுக்காகத் திரும்ப வந்தவர். வால்காட்டுக்கு 38. கடைசிச் சண்டையில் எதிரே நின்ற ஆர்ச்சி மூருக்கும் நாற்பதை ஒட்டிய வயது, அவரும் மார்சியானோவை ஒரு முறை தரையில் உட்கார வைத்தார். 1956ல் 32 வயதில் மார்சியானோ கையுறையைக் கழற்றிவிட்டார். புத்திசாலித்தனம். கெட்டிக்கார வியாபாரி கடையை மூட வேண்டிய நேரத்தில் மூடினார். அதைப் பாராட்டலாம். ஆனால் தோற்றால் இந்த மனிதர் மறுநாள் என்ன செய்வார் என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கையில் விடையே இல்லை.

அந்த 49 பிறகு யாரைப் படுத்தியது தெரியுமா? பின்னால் வந்த சாம்பியன் லாரி ஹோம்ஸை. 48 சண்டை, 48 வெற்றி. ஒன்று ஜெயித்தால் மார்சியானோவுக்குச் சமம். எதிரே மைக்கேல் ஸ்பிங்ஸ், கீழ் எடையிலிருந்து ஏறி வந்தவர். தேதி 1985 செப்டம்பர் 21. மார்சியானோ தன் 49ஐ முடித்து முப்பது வருஷம், அதே தேதி. ஹோம்ஸ் பாயிண்டில் தோற்றார். அன்று அவர் சண்டை போட்டது ஸ்பிங்ஸோடு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோற்ற ஆத்திரத்தில் செத்துப்போன மார்சியானோவைப் பற்றி அவர் சொன்னதை இந்த அவையில் சொல்ல முடியாது, தாய்மார்கள் இருக்கிறார்கள். சைபர் மனிதனை என்ன பாடு படுத்துகிறது பாருங்கள்.

சாவெஸ். எதிரணியின் துருப்புச் சீட்டு. எனக்கும் பிடித்தவர். குலியாக்கான் நகரத்துக்காரர். இடக்கையால் கல்லீரலைப் பார்த்து ஒரு குத்து விடுவார், வாங்கினவருக்கு வலி ஒரு நொடி தாமதமாக வரும், வந்த பிறகு நிற்க முடியாது. 1993 பிப்ரவரியில் மெக்சிகோ சிட்டியின் அஸ்டெக்கா ஸ்டேடியத்தில் இவர் சண்டையைப் பார்க்க ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கினார்கள். எதிரே கிரெக் ஹாகன். 'இவர் அடித்தவர்களெல்லாம் டிஹுவானா டாக்ஸி டிரைவர்கள்' என்று சண்டைக்கு முன்னால் ஹாகன் கிண்டல் செய்தார். ஐந்தாவது ரவுண்டில் சண்டை முடிந்தது. அப்புறம் அவரே, 'அந்த டாக்ஸி டிரைவர்கள் ரொம்ப முரட்டு ஆட்களாக இருந்திருக்க வேண்டும்' என்றார். தோற்றாலும் வாய் குறையாத மனிதர், எனக்கு அவரையும் பிடிக்கும்.

ஆனால் அந்த 87ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 1981ல், ஆரம்ப நாட்களில், சொந்த ஊரில் மிகெல் ரூயிஸோடு சண்டை. ரவுண்டு முடிகிற மணியோடு சாவெஸின் குத்து விழுந்து எதிராளி சாய்ந்தார். மணிக்குப் பிறகு அடித்ததாகச் சொல்லி சாவெஸைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். கணக்குப்படி அது தோல்வி. மறுநாள் அவருடைய மேனேஜர் உள்ளூர்க் குத்துச்சண்டைக் கமிஷனிடம் பேசினார், முடிவு மாறியது, வெற்றி என்று எழுதப்பட்டது. அது நியாயமாகவே இருக்கலாம். நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு சைபர் பிழைத்திருக்க எத்தனை பேர் உழைக்க வேண்டியிருக்கிறது!

1990 மார்ச் 17, லாஸ் வேகஸ். எதிரே மெல்ட்ரிக் டெய்லர், கையில் அத்தனை வேகம். பதினொரு ரவுண்டு முடிந்தபோது மூன்றில் இரண்டு சீட்டில் டெய்லர் வெகுதூரம் முன்னால். ஆனால் முகத்தைப் பார்த்தால் அவர்தான் தோற்றவர் மாதிரி இருக்கிறார், வாய்க்குள் ரத்தம். கடைசி ரவுண்டின் கடைசி அரை நிமிடத்தில் சாவெஸின் வலக்கை. டெய்லர் விழுந்தார், எழுந்தார். ரெஃப்ரி ரிச்சர்ட் ஸ்டீல் முகத்துக்கு நேரே வந்து, 'சரியாக இருக்கிறாயா?' என்று கேட்டார். பதில் இல்லை. டெய்லரின் கண் தன் பயிற்சியாளர் இருந்த மூலைப் பக்கம் போனது. ஸ்டீல் சண்டையை நிறுத்திவிட்டார். கடிகாரத்தில் மிச்சம் 2 வினாடி. உயிருக்கு முன்னால் 2 வினாடி என்ன பெரிது, அவர் செய்தது சரி என்பது என் கட்சி. ஆனால் அந்த 2 வினாடி ஓடியிருந்தால் எதிரணிக்கு இன்று 87 இல்லை. மூன்று வருஷம் கழித்து சான் அன்டோனியோவில் பெர்னல் விட்டேக்கரோடு டிரா. பார்த்தவர்களில் பெரும்பாலானவர்கள் அன்று விட்டேக்கர்தான் ஜெயித்தார் என்றார்கள். 1994 ஜனவரியில் ஃபிராங்கி ராண்டால் அவரை வாழ்க்கையில் முதல் முறையாகக் கீழே தள்ளி, சைபரையும் எடுத்துக்கொண்டு போனார்.

சரி, அடுத்தவர் வீட்டைக் குறை சொன்னது போதும். எங்கள் வீட்டைத் திறந்து காட்டுகிறேன்.

வாக்கர் ஸ்மித் என்று ஒரு பையன். வயது குறைவு, அமெச்சூர் சண்டைக்கு அட்டை இல்லை. ரே ராபின்சன் என்ற வேறொரு பையனின் அட்டையைக் காட்டி மேடை ஏறினான். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஆட்டம் சர்க்கரையாக இனித்ததால் முன்னால் சுகர் சேர்ந்தது. சுகர் ரே ராபின்சன். 1940ல் தொழில்முறைக்கு வந்து முதல் 40 சண்டையும் வெற்றி. அதாவது இவரிடமும் எதிரணி கேட்கிற சைபர் இருந்தது.

1943 பிப்ரவரி 5, டெட்ராய்ட். எதிரே ஜேக் லமோட்டா. ராபின்சனை விடப் பதினாறு பவுண்டு, ஏழு கிலோவுக்கு மேல் கூடுதல் எடை. எட்டாவது ரவுண்டில் ராபின்சன் கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்தார். மணி காப்பாற்றியது. பாயிண்டில் தோல்வி. முதல் கீறல்.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ஆறு மாதம் ஓய்வு. சின்ன ஆளாகப் பார்த்து இரண்டு சண்டை. இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பிப்ரவரி 19, நியூயார்க், ஜாக்கி வில்சன் என்ற நல்ல வீரரோடு சண்டை, வெற்றி. பிப்ரவரி 26, மறுபடி டெட்ராய்ட். அதே ஊர், அதே அரங்கம், அதே லமோட்டா. தோற்று மூன்றே வாரம்! ஏழாவது ரவுண்டில் மறுபடி கீழே விழுந்தார். எழுந்து ஜெயித்தார். மறுநாள் போய் ராணுவத்தில் சேர்ந்துகொண்டார். நடுவர் அவர்களே, இந்தப் பிப்ரவரி மாதம் ஒன்றை மட்டும் தராசில் ஒரு தட்டில் வையுங்கள். மறு தட்டில் எந்தச் சைபரை வேண்டுமானாலும் அவர்கள் வைக்கட்டும்.

அங்கே தொடங்கிய தொடர் 1951 ஜூலை வரை எட்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. 91 சண்டை தோல்வி இல்லாமல். அதில் இரண்டு டிரா, ஒன்று முடிவில்லை. அந்த டிராவில் ஒன்று ஹொசே பசோராவோடு 1945ல். 1950ல் அதே பசோரா திரும்ப வந்தபோது முதல் ரவுண்டிலேயே, ஒரு நிமிடம் ஆவதற்குள் படுக்க வைத்துவிட்டார். கடன் வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை. லமோட்டாவோடு மட்டும் மொத்தம் ஆறு சண்டை, ஐந்தில் ராபின்சன். லமோட்டா பிற்பாடு, 'சுகரோடு அத்தனை தடவை மோதியும் எனக்குச் சர்க்கரை வியாதி வராதது ஆச்சரியம்' என்பார். நம் ஊரில் மோதாமலே வருகிறது, அது வேறு விஷயம்.

எதிரணியில் பேசிய தங்கை கேட்டார், 'நிறைய சண்டை போட்டால் போதுமா, பட்டம் எங்கே' என்று. தங்கையே, ராபின்சனுக்கு உலகப் பட்டத்துக்கான வாய்ப்பு கிடைக்கவே 1946 டிசம்பர் ஆனது. அதற்குள் எழுபதுக்கு மேல் சண்டை முடித்துவிட்டார். அந்தக் காலத்தில் குத்துச்சண்டையைப் பிடித்து வைத்திருந்த தாதாக்களுக்குப் பணிந்து போகவில்லை என்பதுதான் தாமதத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம். வெல்டர்வெயிட் என்ற எடைப் பிரிவின் பட்டத்தை எடுத்தார். 1951 பிப்ரவரி 14ல் சிகாகோவில் லமோட்டாவையே பதின்மூன்றாவது ரவுண்டில் நிறுத்தி, அதற்கு மேல் எடையான மிடில்வெயிட் பட்டத்தையும் எடுத்தார். லமோட்டா அன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர விழவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த 91ல் ஒன்றைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். 1947 ஜூன், கிளீவ்லாந்து, ஜிம்மி டாயில். முந்தைய இரவு ராபின்சனுக்குக் கனவு: தன் குத்தில் டாயில் இறந்துபோவதாக. சண்டை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். பாதிரியாரைக் கூட்டி வந்து சமாதானம் செய்து மேடையேற்றினார்கள். எட்டாவது ரவுண்டில் இடக்கைக் குத்து. டாயில் மறுநாள் இறந்துபோனார். ராபின்சன் அடுத்த சண்டைகளின் வருமானத்தை டாயிலின் தாய்க்கு வீடு வாங்கக் கொடுத்தார். ஏட்டில் அது வெற்றி என்றுதான் இருக்கிறது. அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டுதான் அவர் மிச்சத் தொடரையும் நடந்தார்.

தொடர் முடிந்த விதம் இன்னும் அழகு. 1951ல் ஐரோப்பாவுக்குப் போனார். இளஞ்சிவப்பு கேடிலாக் காரும் கப்பலில் கூடவே போனது. பெரிய பரிவாரம். பாரிஸ், ஜூரிக், ஆன்ட்வெர்ப், லியேஜ், பெர்லின், டூரின், கடைசியில் லண்டன். சுமார் ஏழு வாரத்தில் ஏழு ஊர், ஏழு சண்டை. நம் ஊர்த் திருவிழாக் கச்சேரிக்காரர்கள் கூட இப்படித் தேதி ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஜூலை 1 டூரினில் சண்டை, ஜூலை 10 லண்டனில் உலகப் பட்டத்தை வைத்து ராண்டி டர்பினோடு சண்டை! பதினைந்து ரவுண்டு, டர்பின் ஜெயித்தார். சைபர் வைத்திருக்கிறவன் இப்படி ஒரு பயணம் போவானா? டூரினில் காய்ச்சல் என்று படுத்திருப்பான். இரண்டு மாதம் கழித்து நியூயார்க்கில் மறு சண்டை. பத்தாவது ரவுண்டில் கண்ணுக்கு மேல் கிழிந்து ரத்தம் வழிகிறது, ரெஃப்ரி நிறுத்திவிடுவார் என்ற நிலை. அந்த ரத்தத்தோடே டர்பினை அடித்து நிறுத்திப் பட்டத்தை வாங்கிக்கொண்டு போனார்.

ராபின்சன் ஒருவர் விதிவிலக்கு என்று எதிரணி சொல்லக் கூடும். அதற்காகத்தான் வில்லி பெப்பை வைத்திருக்கிறேன். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்துக்காரர், ஃபெதர்வெயிட் என்ற குறைந்த எடைப் பிரிவு. முதல் 62 சண்டையும் வெற்றி. 1943 மார்ச்சில் மேல் எடைக்காரரான சாமி ஆங்கட்டிடம் தோல்வி. அதற்குப் பிறகு 73 சண்டை, ஒரு டிரா, மிச்சம் 72ம் வெற்றி. கவனியுங்கள், தோற்பதற்கு முன்னால் ஓடியதை விட தோற்ற பிறகு ஓடியது அதிகம். அதுவும் எப்படி? 1947 ஜனவரியில் நியூஜெர்சியில் அவர் வந்த விமானம் விழுந்தது. சிலர் இறந்துபோனார்கள். பெப்புக்கு முதுகெலும்பிலும் காலிலும் முறிவு. உடம்பெல்லாம் மாவுக்கட்டு. ஜூன் மாதம் மேடையில் நிற்கிறார்! நமக்கு மாடிப்படியில் கால் பிசகினாலே ஆறு வாரம் மெடிக்கல் லீவு. 1948 அக்டோபரில் சாண்டி சாட்லர் நான்காவது ரவுண்டில் அவரை வீழ்த்தினார்; அதற்கு முன்பு வரை மொத்தக் கணக்கு 136 சண்டை, 134 வெற்றி, 1 டிரா, 1 தோல்வி. எதிரணியின் 49ஐயும் மேவெதரின் 50ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள், அப்போதும் எட்டாது.

தோற்றவரை யார் ஐயா கொண்டாடுவார்கள் என்றும் ஒரு குரல் வந்தது. 1980ல் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை. அப்போது அலியின் கணக்கில் ஃப்ரேசியர், நார்டன், லியோன் ஸ்பிங்ஸ் என்று மூன்று தோல்வி. மூன்று பேரையும் திரும்ப அடித்துவிட்டு வந்தவர். டிக்கெட் வாங்கினவர்களில் யாராவது, 'மூன்று கீறல் இருக்கிறதே, விலையைக் குறையுங்கள்' என்று கேட்டிருப்பார்களா?

இன்னும் பெப்பை முடிக்கவில்லை. சாட்லர் பெப்பை விட உயரம், நீளக் கை, இடி மாதிரி குத்து. முதல் சண்டையில் பெப்பை நான்கு முறை தரையில் விழ வைத்தவர். 1949 பிப்ரவரி 11, மாடிசன் ஸ்கொயர் கார்டன், அதே சாட்லர் எதிரே. பெப் நிற்கவே இல்லை, சுற்றிச் சுற்றி வருகிறார், இடக்கை மட்டும் போய்ப் போய்த் தொட்டுவிட்டு வருகிறது. கண்ணைச் சுற்றி, கன்னத்தில் எல்லாம் கிழிந்திருக்கிறது. பதினைந்தாவது ரவுண்டு...

மணி அடித்துவிட்டீர்கள். மெல்ட்ரிக் டெய்லருக்காவது 2 வினாடி மிச்சம் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை என்று நடுவர் கண்ணைக் காட்டுகிறார். பெப்தான் ஜெயித்தார் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். வணக்கம்.